பதினாலாம் நம்பர் சட்டை

ஏழு வருசத்துக்கு முந்தி, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துக்கிட்டிருந்த ஒரு காலையில, வெள்ளூரணி மைதானத்து வடக்குக் கோல்போஸ்டுக்குப் பின்னால துணி காயப்போடுற கம்பியில இருபத்திரெண்டு சட்டையைத் துவைச்சுப் போட்டாக, அதுல பதினோரு சட்டை அரை மணி நேரத்துல அப்பளமா மொறுமொறுன்னு காஞ்சுச்சு, மிச்சம் பதினோரு சட்டை அன்னைக்குச் சாயந்தரமும் காயல, மறுநாளும் காயல, அனல் காத்து வீசியும் காயல, முகாம் முடிஞ்ச இருபத்தோராம் நாள் வரைக்கும் சொட்டுச் சொட்டா வடிஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. ஊரே பாத்துச்சு, நானும் பாத்தேன். நம்பாதவுக பஸ் ஏறி வந்து அந்தக் கம்பிக்குக் கீழ மண்ணைப் பாருங்க, சுத்துப்பட்டு கரிசக்காட்டுல எங்கயும் இல்லாத கோரைப்புல்லு அங்க மட்டும் முட்டளவுக்கு நிக்கும்.

நான் யாருன்னு கேக்கீகளா? ராமுத்தாயி. மைதானத்துக்கு எதுத்தாப்புல டீக்கடை. எங்க ஊர்ல ரெண்டு விசயம் உண்டு, தீப்பெட்டி ஆபீஸும் ஹாக்கியும். பகல்ல குச்சி அடுக்குற பொம்பளைப் பிள்ளைகதான் காலையிலயும் சாயந்தரமும் ஸ்டிக்கைத் தூக்கிக்கிட்டு ஓடும். வளர்பிறை மகளிர் ஹாக்கி கிளப்புன்னா மாவட்டத்துக்கே தெரியும். வருசா வருசம் வைகாசிப் போட்டிக்கு முந்தி இருபத்தோரு நாள் முகாம் நடக்கும், இருபத்திரெண்டு பிள்ளைக வரும், முதல் மேட்ச்சுல இறங்கப்போற பதினோரு பேர் யாருன்னு கடைசி நாள் சாயந்தரம் பயிற்சி குடுக்குற மாஸ்டர் வாசிப்பாரு. அதுக்குள்ள ஊருக்குத் தூக்கம் வராது. ஆளாளுக்குத் தங்களோட பதினொண்ணைத் தீப்பெட்டி லேபிள் தாளுக்குப் பின்னால எழுதி மடிச்சு என் கடை பிஸ்கட் பாட்டில்ல போடுவாக. யாரு எழுதுனது ரொம்பப் பொருந்துதோ அவுகதான் முதல் மேட்ச்சுல கொடி ஏத்தணும். நான் ரெண்டு தடவை ஏத்தியிருக்கேன், சும்மா இல்ல. டீ ஆத்துற கை ஆத்திக்கிட்டே இருக்கும், கண்ணு மைதானத்துல கிடக்கும். எந்தப் பிள்ளைக்குப் பந்து ஒட்டுது, எவளுக்கு முழங்கால் வலிக்குது, எவ மாஸ்டர் பாக்கும்போது மட்டும் ஓடுறா, எல்லாம் எனக்கு அத்துபடி.

அந்த முதல் வருசம் சட்டை காயாததை யாரும் பெருசா எடுத்துக்கல. சோப்பு சரியில்லன்னாக, தண்ணியில உப்புன்னாக. கடைசி நாள் ஞானதுரை மாஸ்டர் பேரு வாசிச்சாரு. வாசிக்க வாசிக்கத்தான் ஊர் வாயை மூடுச்சு. காஞ்ச சட்டைக்காரிக பதினோரு பேரும் இருந்தாக, ஈரச் சட்டைக்காரி ஒருத்திகூட இல்ல. அடுத்த வருசமும் அதே மாதிரி, அதுக்கடுத்த வருசமும் அதே மாதிரி. முதல் மேட்ச் விசில் ஊதுன நிமிசத்துல ஈரச் சட்டையெல்லாம் தானாக் காஞ்சிரும், அதுவும் வழக்கமாயிருச்சு.

எங்க ஊரு எதுக்கும் அசராது. ரெண்டாவது வருசமே கம்பி வழக்கம் ஆயிருச்சு. தீப்பெட்டி ஆபீஸ் வேன் அந்த இடத்துல ரெண்டு நிமிசம் நின்னுதான் போகும். காலேஜ்ல இருந்து ஒரு வாத்தியார் தெர்மாமீட்டரோட வந்தாரு, சட்டையில வடிஞ்சதைக் குப்பியில பிடிச்சுக்கிட்டுப் போனாரு, பத்து நாள் கழிச்சு வந்து, "தண்ணிதாங்க" அப்படின்னுட்டு என் கடையில டீ குடிச்சுட்டு போயிட்டாரு. அயர்ன் வண்டி கோட்டைச்சாமி கரிப்பெட்டியை வச்சு ஒம்பதாம் நம்பர் சட்டையை ரெண்டு நாளு தேய்ச்சான், ஆவியில அவன் மூஞ்சிதான் வெந்துச்சு. பொம்பளைக காஞ்ச சட்டைக்குப் பக்கத்துல இடம் பாத்து வத்தல் காயப் போட்டாக, சீக்கிரம் காயும்னு. முதல் பதினொண்ணு யாருன்னு முகாம் தொடங்குன அன்னைக்கே தெரிஞ்சுபோனதால என் பிஸ்கட் பாட்டில்ல சீட்டு விழுகுறது நின்னுபோச்சு, நான் முறுக்கைப் போட்டு வச்சேன்.

இதெல்லாம் போகட்டும், கூத்துதானேன்னு விட்டுரலாம். ஆனா ஞானதுரை மாஸ்டரும் கம்பியைப் பாக்க ஆரம்பிச்சாரு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஒரு காலத்துல பிள்ளைகளோட கால் விரலைக்கூடப் பாத்துத் திட்டுறவரு, இப்ப வராந்தாவுல நாற்காலியைப் போட்டுக்கிட்டு வடக்க பாத்து உக்காந்துட்டாரு. மூணாவது வருசம் காஞ்ச பதினொண்ணுக்குத்தான் மைதானம்னு ஆயிருச்சு. ஈரப் பிள்ளைக கோலுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கணும், புழுதி அடங்கத் தண்ணி தெளிக்கணும். கிளப் செயலாளர் தில்லைநாயகம் அண்ணாச்சி இருக்காரே, அவரு ஒரு படி மேல போயி, முகாமோட ரெண்டாம் நாளே பதினோரு பேர் போட்டோவையும் போட்டு போஸ்டர் அடிச்சிருவாரு. ஆடிப் பாக்காம அணி எடுத்த ஊரு உலகத்துலயே எங்க ஊராத்தான் இருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் ஆவுடைத்தங்கம் வந்தா. அப்ப அவளுக்குப் பதினாறு வயசு, பதினாலாம் நம்பர் சட்டை, இடது பக்கம் தடுத்து ஆடுற லெஃப்ட் ஹாஃப். தூங்குறவன் கையில இருந்து தம்ளரை எடுக்குற மாதிரி எதிராளி ஸ்டிக்குல இருந்து பந்தை எடுப்பா, பந்து போனதே பறிகொடுத்தவளுக்கு நாலடி தள்ளித்தான் தெரியும். நான் முறுக்கைக் கீழ கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவி, லேபிள் தாள்ல அவ பேரை முதல்ல எழுதிப் போட்டேன். அந்த வருசம் அவ சட்டை காயல. ரெண்டாவது முகாமும் காயல, மூணாவது முகாமும் காயல. மத்த பிள்ளைக சட்டை முதல் மேட்ச்சோட காஞ்சிரும், இவ சட்டை மட்டும் ஆடியிலயும் காயல, மார்கழியிலயும் காயல, அவ அம்மா அடுப்புக்கு மேல பரண்ல போட்டா அடுப்பு அணைஞ்சதுதான் மிச்சம். ஒரு நாள் பயிற்சி முடிஞ்சு அதே சட்டையோட வேலைக்குப் போயிட்டா, அவ அடுக்குன தீக்குச்சிக் கட்டை மொத்தமும் நமுத்துப்போச்சு. "நீ குச்சி ரூமுக்குள்ள வராத தாயி, வாசல்ல உக்காந்து லேபிள் ஒட்டு" அப்படின்னு மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுட்டான்.

நானே ஒரு நாள் அந்தச் சட்டையைத் தராசுல போட்டுப் பாத்தேன். ஒண்ணே கால் கிலோ இருந்துச்சு.

"ஏட்டி, இதை முதுகுல சுமந்துக்கிட்டா ஓடுத?"

"பழகிட்டுக்கா. இப்பல்லாம் காஞ்ச சட்டை போட்டா காத்துல பறந்துருவேன்னு தோணுது."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா.

இந்த வருசம் அவளுக்கு நாலாவது முகாம். கிளப்புல ஒரு சட்டம் உண்டு, வராந்தாச் சுவத்துல போர்டுல எழுதி மாட்டியிருக்கு: நாலு முகாம் இருந்தும் முதல் மேட்ச்சுல இறங்காத பிள்ளை, சட்டையைத் துவைத்து, காயவைத்து, மடித்து, கிளப்பில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைச்சதும் பேரை அடிச்சிருவாக. அப்புறம் அந்த மைதானத்துல கால் வைக்க முடியாது. ஆவுடைக்கு இருக்குறது இந்த ஒரு முகாம்தான்.

முகாமோட முதல் நாள் ஊரே கம்பிக்குக் கீழ கூடிருச்சு. பதினோரு சட்டை காஞ்சுச்சு. பதினாலாம் நம்பர் சட்டை குழாய் திறந்துவிட்டாப்புல வடிஞ்சுச்சு. 'பாவம், நல்ல பிள்ளை' அப்படின்னு நாலு பேர் உச்சுக் கொட்டுனாக, ரெண்டாம் நாள் போஸ்டர் வந்துருச்சு, போஸ்டர் ஒட்டுற பையன் என் கடைச் சுவத்துலயே கொண்டாந்து ஒட்டுறான், நான் கரண்டியை எடுத்துக்கிட்டு விரட்டுனேன். ஆவுடை அழுவான்னு பாத்தேன். அவ சட்டையைக் கம்பியில இருந்து உருவி, பிழியாம அப்படியே மாட்டிக்கிட்டுப் போயி பந்து பொறுக்குனா. இனிமே கம்பியில போடவே மாட்டேன்னுட்டா. கம்பியில பதினாலாம் நம்பர் இடத்துல கிளிப்பு மட்டும் தொங்குச்சு.

பதினெட்டாம் நாள் காலையில ஆவுடை மத்த ஈரப் பிள்ளைக பத்துப் பேரையும் கூட்டிக்கிட்டு மாஸ்டர் நாற்காலிக்கு முன்னால வந்து நின்னா. நானும் டீ கொண்டு போயிருந்தேன்.

"மாஸ்டர், ஒரே ஒரு மேட்ச் போடுங்க. காஞ்சவுகளுக்கும் எங்களுக்கும்."

"எதுக்கும்மா? அதான் கம்பி சொல்லிருச்சுல்ல."

"கம்பி எப்ப மாஸ்டர் ஸ்டிக் புடிச்சுச்சு?"

தில்லைநாயகம் அண்ணாச்சிதான், "ஏழு வருசமாத் தப்பாத கம்பி, நீ என்ன பெரிய இவளா?" அப்படின்னு எகிறுனாரு. எனக்கு எங்க இருந்துதான் அம்புட்டு கோவம் வந்துச்சோ, மாஸ்டர் கைக்குப் போன டீயைத் திருப்பி வாங்கித் தரையில ஊத்திட்டேன். "மேட்ச் நடக்குற வரைக்கும் என் கடையில அடுப்பு எரியாது. ஒரு நாளைக்கு ஒம்பது டீ குடிக்கிற ஆளு, எங்கயும் போயிக் குடிங்க" அப்படின்னு சொல்லிட்டுப் பாய்லரை அணைச்சுட்டேன். அடுத்த தெரு கடைக்காரி கலைமணி எனக்கு ஜென்ம எதிரி, அவளும் அன்னைக்கு மதியம் அடுப்பை அணைச்சா. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக வேன்ல இருந்து இறங்கி வராந்தாவுக்கு முன்னால உக்காந்துட்டாக, ஒரு வார்த்தை பேசல, சும்மா உக்காந்திருந்தாக. ரெண்டு நாள் டீ இல்லாம மாஸ்டருக்குத் தலை வெடிச்சுச்சு. இருபதாம் நாள் மத்தியானம், "போட்டுத் தொலைங்க" அப்படின்னுட்டாரு.

மூணு மணிக்கு ஆட்டம். வெயிலைச் சொல்லணுமா, மைதானத்துல செருப்பில்லாம நிக்க முடியல. காஞ்ச பதினொண்ணு ஒரு பக்கம், அதுக்கு ஜெபமலர்னு ஒரு பிள்ளை கேப்டன், நல்லா ஆடுறவதான், குறை சொல்ல முடியாது. ஈரப் பதினொண்ணு இன்னொரு பக்கம், மூணு வாரமாப் பந்து பொறுக்குனதுக, ஆட அதுகளுக்கு நேரமே குடுக்கல. முதல் பாதியில ரெண்டு கோல் விழுந்துச்சு, ரெண்டும் ஈரப் பிள்ளைக கோல்ல. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கிட்டு என்னைப் பாத்தாரு. நான் என் சீட்டுக் கிடந்த பிஸ்கட் பாட்டிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ரெண்டாவது பாதியிலதான் அந்த வேடிக்கை. வெயில் ஏற ஏற காஞ்ச பிள்ளைகளுக்கு நாக்கு வறண்டு, மூச்சு வாங்கி, ஒவ்வொண்ணா இடுப்புல கை வச்சு நிக்குதுக. ஈரப் பிள்ளைகளுக்கு முதுகுல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, ஊருக்கெல்லாம் சித்திரை, அதுகளுக்கு மட்டும் ஐப்பசி. அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்து காலு இரும்பாப் போயிருந்துச்சு. ஆவுடை லெஃப்ட் ஹாஃப்ல இருந்து பந்தை எடுத்தா, எடுத்தது எவளுக்கும் தெரியல, ரெண்டு பேரைத் தாண்டி உள்ள குடுத்தா, ஒரு கோல். பெனால்டி கார்னர்ல இன்னொண்ணு. கடைசி நிமிசத்துல ஜெபமலர் தனியாப் பந்தோட வாரா, கோல்கீப்பர் மட்டும்தான் இருக்கு, ஆவுடை பின்னால இருந்து ஓடி வந்து அந்தத் தம்ளர் எடுக்குற வித்தையைக் காட்டி, எடுத்த பந்தோட மைதானம் முழுக்க ஓடுனா. அவ ஓடுன வழியெல்லாம் புழுதியில ஈரக்கோடு விழுந்துச்சு, அந்தக் கோடு நேரா எதிர்க் கோலுக்குள்ள போயி நின்னுச்சு. மூணுக்கு ரெண்டு. நான் கத்துன கத்துல பாட்டில் கையில இருந்து நழுவிருச்சு, நல்லவேளை மண்ணுல விழுந்துச்சு.

தில்லைநாயகம் அண்ணாச்சி அசரல. "இது பயிற்சி ஆட்டம். போஸ்டர் ஒட்டியாச்சு, கம்பி சொன்ன பதினொண்ணுதான் இறங்கும்" அப்படின்னாரு. அப்ப ஜெபமலர், தோத்த கேப்டன், தன்னோட சட்டை நுனியைப் பிடிச்சு அவரு முன்னால பிழிஞ்சா. வேர்வை பொலபொலன்னு கொட்டுச்சு.

"அண்ணாச்சி, இது காஞ்ச சட்டையா ஈரச் சட்டையா, நீங்களே சொல்லுங்க."

பாத்தா இருபத்திரெண்டு பேரும் நனைஞ்சுதான் நிக்குதுக. எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியல. அண்ணாச்சிக்கு மூக்கு வெடைச்சுருச்சு, ஆவுடை பக்கம் திரும்பிட்டாரு.

"உனக்கு நாலு முகாம் முடிஞ்சுச்சு. பேசாம சட்டையைக் கழத்திக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"தர்றேன் அண்ணாச்சி, சட்டம்னா சட்டம்தான். போர்டுல என்ன எழுதியிருக்கு, சத்தமா ஒருக்கா வாசிங்க."

"துவைத்து, காயவைத்து, மடித்து..."

"ஆங். காஞ்சதும் தர்றேன்."

தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக சிரிச்சாக பாருங்க, அந்தச் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். மாஸ்டர் சிரிக்கல. நாற்காலியை விட்டு எந்திரிச்சு மைதானத்துக்குள்ள வந்து, அந்த ஈரக்கோட்டைக் குனிஞ்சு பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. "இத்தனை வருசமா நான் ஆட்டத்தையே பாக்கல" அப்படின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மறுநாள் சாயந்தரம் பேரு வாசிச்சாரு. காஞ்ச பிள்ளைகள்ல ஆறு பேரு, ஈரப் பிள்ளைகள்ல அஞ்சு பேரு. லெஃப்ட் ஹாஃப், பதினாலாம் நம்பர், ஆவுடைத்தங்கம். நான் அழுதுட்டேன், எனக்கென்ன வெக்கம்? அடுப்பைப் பத்தவச்சு அன்னைக்கு ஊருக்கே டீ போட்டேன். பிஸ்கட் பாட்டில்ல கிடந்தது இந்த வருசமும் நான் எழுதிப் போட்ட சீட்டு ஒண்ணுதான், அதுல ஏழு பேரு சரி, அதனால கொடி ஏத்துறது நான்தான்னு ஆயிருச்சு.

இத்தோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். முதல் மேட்ச் அன்னைக்குக் காலையில ஏழு மணிக்குக் கொடியை மடிச்சு எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு வாரேன், கம்பிக்குக் கீழ கூட்டம். எட்டிப் பாத்தா, மாஸ்டர் வாசிச்ச பதினோரு சட்டையும் காஞ்சு காத்துல படபடங்குது, விட்டுப்போன பதினொண்ணு சொட்டுது. கம்பி கட்சி மாறிருச்சு! முந்தின நாள் வரைக்கும் ஈரமாத் தொங்குன நாலு சட்டை மொறுமொறுங்குது. ஆவுடை கம்பியில போடாத சட்டை, வீட்டுல நாற்காலியில கிடந்த சட்டை, நாலு முகாமாச் சொட்டுன சட்டை, விடியக்காலம் தானாக் காஞ்சு கிடந்துச்சுன்னு அவ அம்மா ஓடியாந்து காலியாத் தொங்குன அந்தக் கிளிப்புல மாட்டியிருக்கா. வெக்கங்கெட்ட கம்பின்னு நான் வாய்விட்டுத் திட்டுனேன். யாரு காதுலயும் விழுகல.

அதுக்குள்ள ஊர்க்கோயில் பூசாரி கம்பிக்கு மாலை போட்டுட்டாரு. பொம்பளைக குலவை போடுறாக. தில்லைநாயகம் அண்ணாச்சி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "நான் என்ன சொன்னேன்? கம்பி தப்பாது. நமக்குத்தான் சரியாப் படிக்கத் தெரியல. ஆவுடையை இறக்கணும்னு முடிவு பண்ணதே கம்பிதான்" அப்படின்னு பேசுறாரு, அன்னைக்கு வெயில்ல உக்காந்திருந்த பொம்பளைகளே தலையாட்டுறாக. அந்த ஓட்டம், அந்த ஒண்ணே கால் கிலோ, அந்த ஈரக்கோடு, எல்லாத்தையும் ஒரு கம்பி ஒரே ராத்திரியில தன் பேருக்கு எழுதிக்கிடப் பாக்குது.

ஆவுடை ஸ்டிக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தா. கூட்டம் வழி விட்டுச்சு. சட்டையைத் தொட்டுப் பாத்தா. நாலு முகாமுக்கு அப்புறம் காஞ்ச தன் சட்டையைத் தொடுறா, அவ மூஞ்சியில என்ன ஓடுச்சுன்னு எனக்கு மட்டும் தெரியும், ஆசையாத்தான் இருந்துச்சு அவளுக்கு. ஒரு தடவை கன்னத்துல வச்சுப் பாத்தா. அப்புறம் கிளிப்பைக் கழத்திட்டு, சட்டையை எடுத்துக்கிட்டுக் குழாயடிச் சிமெண்டுத் தொட்டிக்கு நடந்தா, முழங்கை வரைக்கும் உள்ள விட்டு முக்குனா, மறுபடி முக்குனா, பிழியாம எடுத்துப் பனியனுக்கு மேல மாட்டிக்கிட்டா.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணுத?" அண்ணாச்சி அலறிட்டாரு.

"காஞ்ச சட்டைதான் இறங்கும்னு சொன்னது உங்க கம்பி அண்ணாச்சி. என் சட்டை காயல, நல்லாப் பாத்துக்கோங்க."

அவ பாட்டுக்குக் கம்பியைத் தாண்டி, மாலையைத் தாண்டி மைதானத்துக்குள்ள இறங்கிட்டா. குலவை நின்னுபோச்சு. நான் கொடிக்கயிறை இழுத்தேன். பிள்ளைக அவுகவுக இடத்துல நின்னாக. வெளியூர்ல இருந்து வந்த அம்பயர் விசிலை வாயில வச்சவரு, ஆவுடையைப் பாத்துட்டு எடுத்துட்டாரு.

"என்னம்மா இது, சட்டையெல்லாம் இப்படிச் சொட்டுது?"

"அது அப்படித்தான் இருக்கும் சார். நீங்க ஊதுங்க."